பொறியில் விழாத பூச்சி

அந்தத் தொட்டிச் சுவரில் உட்காராதீங்கம்மா, மணி ஒன்பதுக்கே சுடும். இப்படி வேம்பு நிழலுக்கு வந்துடுங்க. நிழல் என்று பெயர்தான். இலை இருந்தால் நிழல், இப்போ இருப்பது குச்சி. இருந்தாலும் உட்காருங்க.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தாளில் கேள்வி இருக்கிற வரிசையில் எனக்குப் பதில் சொல்ல வராது. நான் படித்த வரிசையே வேறு. எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம், அதற்கு மேலே பெட்ரோல் பங்க். இருபத்திரண்டு வருஷமாக ராத்திரி வேலை. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கையில் எது சிக்குகிறதோ அதைப் படிப்பேன். பயிர்ப் பூச்சிப் புத்தகம், பழைய பேப்பர், டயர் கம்பெனிக் காலண்டரின் பின்பக்கம். பகலில் தூங்க வேண்டியவன் பகலிலும் படிப்பேன், ஏனென்றால் தகரக் கூரைக்குக் கீழே தூக்கம் எங்கே வருது? இப்படிப் படித்த பாவத்துக்குத்தான் வேளாண்மை ஆபீஸில் என்னை ஊர்ப் பூச்சிக் கண்காணிப்பாளர் ஆக்கினார்கள். சம்பளம் கிடையாது. தொப்பி உண்டு.

முதல் கேள்வி என்ன போட்டிருக்கு? ‘அதிக வெப்பத்தினால் பூச்சித் தாக்குதலில் தாங்கள் கண்ட மாற்றம்.’ அடடா, எவ்வளவு மரியாதையான கேள்வி. தாங்கள் கண்ட மாற்றம் அதோ நிற்கிறது பாருங்க, ரெண்டு ஏக்கர். விதைத்தது மக்காச்சோளம். இப்போது நிற்பது எலி கடித்த பாய் மாதிரி ஏதோ ஒன்று.

அது என் தங்கச்சி அஞ்சுகத்தின் கொல்லை. கொல்லை வரதராசு மாமாவுடையது, பயிர் மட்டும் அவளுடையது. அவள் புருஷன் போய் நாலு வருஷம் ஆச்சு. அதில் மூணு வருஷம் பல்லடம் பக்கம் ஒரு மில்லில் நூல் பிடித்தாள், விடுதியில் பதினாலு பேருக்கு ஒரு அறை. போன வருஷம் திரும்பி வந்து, ‘அண்ணே, நான் செத்தாலும் மறுபடி அங்க போவமாட்டேன், ஒரு துண்டுக் கொல்லை கெடச்சாப் போதும்’ என்றாள். நேரே வரதராசு மாமாவிடம் போய் நின்றாள். மாமா தராசில் நிறுக்கிற ஆள். ‘ஒரு கோடை விட்டுப் பாக்குறேன். பயிரைக் காப்பாத்திக் காட்டு, அஞ்சு வருஷத்துக்கு நீயே வெச்சுக்க. இல்லன்னா சோலார் பலகை வெக்கிறவங்க கேட்டுக்கிட்டிருக்காங்க, குடுத்துடுவேன்’ என்றார். வெயிலை அறுவடை பண்ண வருகிறவனுக்குக் குடுக்காமல் அவர் வேறு என்ன செய்வார்? இந்த ஊரில் வருஷம் தவறாமல் விளைகிற ஒரே வெள்ளாமை அதுதானே.

இப்போது மாமா சொல்லியிருப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ‘காலேஜுப் பொண்ணு தாள்ல என்ன எழுதுதோ, அதப் பாத்து ஞாயித்துக்கிழமை முடிவு சொல்றேன்’ என்று. மாமாவுக்கு மனுஷ வாயை நம்பிப் பழக்கமில்லை. தாளில் முத்திரை இருந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆகவே உங்கள் பேனாவில் ரெண்டு ஏக்கர் இருக்கு. பயப்படாதீங்க, சும்மா சொன்னேன்.

சரி, பூச்சிக்கு வருவோம்.

ஆபீஸில் எனக்கு எட்டுப் பொறி குடுத்தார்கள். பச்சைப் புனல், மஞ்சள் மூடி, கீழே பாலித்தீன் பை. மூடிக்கு உள்ளே ஒரு ரப்பர் துண்டு. மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழுதான் வளர்ந்து அந்துப்பூச்சி ஆகிறது; அதில் பெண் பூச்சியின் வாடையை ரப்பரில் ஏற்றி வைத்திருப்பார்கள். நாங்கள் அதை மாத்திரை என்போம். ஆண் பூச்சி பெண்ணைத் தேடி வந்து ரப்பரைச் சுற்றிச் சுற்றிப் பைக்குள் விழுந்து சாகும். ஆண்களைப் பற்றி இதற்கு மேல் ஒரு ஆராய்ச்சி தேவையில்லை.

பொறியில் பூச்சி விழுந்தால் கொல்லையில் பூச்சி இருக்கு, விழாவிட்டால் இல்லை. அதுதான் கணக்கு. நான் காலையில் பங்க் வேலை முடிந்து வருகிற வழியில் ஒவ்வொரு பொறியாகப் பார்த்து எண்ணுவேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை டீக்கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதுவேன். எண்ணிக்கை ஏறினால் மருந்து அடி, ஏறாவிட்டால் சும்மா இரு. ஊரே அதைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும் என்று ஏற்பாடு.

பங்குனி முதல் வாரத்தில் விதைத்தாள், அன்றைக்கே பொறி கட்டினேன். முதல் வெள்ளி பதினொன்று. அடுத்த வெள்ளி ஆறு. அதற்கடுத்தது ரெண்டு. அப்புறம் பூஜ்யம். மறுபடி பூஜ்யம். மறுபடியும் பூஜ்யம்.

ஏன் என்று கேளுங்க. கேட்கமாட்டீங்க, நீங்க படிச்சவங்க. நான் சொல்கிறேன். அந்த நேரத்தில்தான் வெயில் ஏறினது. கத்திரி பிறக்கவே நாள் கிடக்கிறது, அதற்குள் பங்க் சுவரில் இருக்கிற வெப்பமானி நாற்பத்தொண்ணு காட்டுது. நான் படித்த புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: நாற்பது டிகிரிக்கு மேல் போனால் படைப்புழுவின் முட்டை கெடும், புழுவின் வளர்ச்சி தடைப்படும். அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். நாற்பதுக்கு மேல் புழு சாகும், இங்கே நாற்பத்தொண்ணு, பொறியில் பூஜ்யம். மூணும் மூணு சாட்சி மாதிரி ஒரே வாக்குமூலம். இதற்கு மேலே ஒருத்தனுக்கு என்ன வேணும்?

பலகையில் பூஜ்யம் போட்டதோடு விடவில்லை, கீழே ஒரு வரியும் எழுதினேன். ‘சூரிய பகவானே மருந்தடிக்கிறார். யாரும் செலவு செய்ய வேண்டாம்.’ எல்லாரும் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். ‘மருதமுத்து இருக்கிறது நம்ம ஊருக்கு ஒரு ஆபீஸ் இருக்கிற மாதிரி’ என்று டீக்கடையில் பேச்சு. மறுக்கவில்லை. உண்மையை ஏன் மறுக்கணும்?

என்ன நடந்தது தெரியுமா? படித்துத் தலையாட்டினவர்கள் அத்தனை பேரும் சாயங்காலமே கொல்லைக்குப் போய் ஓசைப்படாமல் மருந்து அடித்திருக்கிறார்கள். பக்கத்துக் கொல்லை தருமலிங்கத்துக்கு எழுத்து வாசனையே கிடையாது, பலகையில் இருப்பது எண்ணா இனிஷியலா என்று தெரியாது. அவன் பாட்டுக்கு ஒவ்வொரு குருத்தாக விரித்துப் பார்த்துப் புழு இருந்ததில் மணலும் சாம்பலும் போட்டுக்கொண்டே போயிருக்கிறான். அவன் பயிர் நிற்பதைப் பாருங்க, மாப்பிள்ளை மாதிரி. படிப்பறிவு இல்லாததால் பிழைத்துக்கொண்டான்.

பலகையை நம்பினது ஊரிலேயே ஒரே ஆள்தான். என் தங்கச்சி.

அவள் வந்து சொல்லாமல் இல்லை. சொன்னாள். மத்தியானம் நான் புரண்டுகொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து வந்து வாசலில் நிற்பாள்.

‘அண்ணே, இலையில வெள்ள வெள்ளயா சொரண்டின மாதிரி இருக்கு.’

‘வெயில்ல பொரிஞ்சிருக்கும்.’

‘குருத்துல மரத்தூள் மாதிரி கெடக்குண்ணே.’

‘புழுதி. காத்தடிக்குதுல்ல?’

‘சரிண்ணே’ என்று போய்விடுவாள். அவளுடைய குறையே அதுதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் என்ன, கடித்தா தின்னப் போகிறேன்? ஒருத்தர் சொல்வதை அப்படியே கேட்டுக்கொண்டு போனால் தப்பு யார் மேல்? நீங்களே சொல்லுங்க.

இன்னொரு தடவை வந்து வேறு ஒரு கேள்வி கேட்டாள். ‘காலையில சாமிக்கு வெச்ச பூவு பத்து மணிக்கே கருகுது. அந்த ரப்பரு மாத்திரை மட்டும் ஒரு மாசம் வாசன தாங்குமாண்ணே?’

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. ‘பைத்தியம், அது பூ இல்ல, ரசாயனம். பாக்கெட்டுலயே முப்பது நாள்னு அச்சடிச்சிருக்கான்’ என்றேன். முப்பது நாள் எப்போதோ முடிந்துவிட்டது என்பது வேறு விஷயம். புதுப் பாக்கெட் என்னிடம் இருந்தது. பங்க்கில் தண்ணீர் பாட்டில் வைக்கிற பெட்டிக்குள் குளிர்ச்சியாக, பத்திரமாக வைத்திருந்தேன், பிரிக்கவில்லை. பூச்சியே இல்லாத ஊரில் மாத்திரையை ஏன் வீணாக்கணும்? அரசாங்கப் பொருளைச் சிக்கனமாகப் பார்ப்பது ஒரு குற்றமா?

இதே நாட்களில் பங்க்கில் எனக்கு வேறொரு தொல்லை. விடியற்காலையில் விளக்குக் கம்பத்துக்குக் கீழே அந்துப்பூச்சி முறம் முறமாகச் செத்துக் கிடக்கும். பெருக்கி அள்ளி முதுகு போச்சு. கூட வேலை பார்க்கிற கலியபெருமாள், வாயாடிப் பயல், ‘ஏண்ணே, ஊர்ல பூச்சியே இல்லைன்னு பலகையில போட்டுட்டு வர்ற. இதெல்லாம் எந்த ஊரு பூச்சி? சென்னைக்குப் போற வழியில டீசல் போட எறங்கிச்சா?’ என்றான். இவனிடம் என்ன விளக்குவது? ‘இது வெளிச்சத்துக்கு வர்ற பூச்சிடா. நான் எண்ணுறது அறிவியலுக்கு வர்ற பூச்சி’ என்றேன். வாயை மூடிக்கொண்டான். வாயை மூட வைப்பது ஒரு திறமை.

நேத்து மத்தியானம் நீங்கள் வந்தபோது ஒரு வெப்பமானிக் கம்பியைக் குருத்துக்குள் விட்டுப் பார்த்தீங்களே, என்ன காட்டினது? வெளியே நாற்பத்தொண்ணு, உள்ளே முப்பத்திரண்டா? நானும் எட்டிப் பார்த்தேன். வெயில் தாங்காதே என்று அஞ்சுகம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் பாய்ச்சினாள். மண் ஈரம், குருத்து ஈரம். நாமெல்லாம் விசிறி மட்டையோடு அலைகிறோம், புழு குருத்துக்குள் குளிர்சாதன அறையில் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கு. புத்தகத்தில் போட்ட நாற்பது புழுவுக்கு. நான் பார்த்த நாற்பத்தொண்ணு பங்க் சுவருக்கு. ரெண்டும் ஒன்று என்று நினைத்தவன் கண்காணிப்பாளர். தலையில் தொப்பி வேறு.

அது மட்டுமா? முப்பது முப்பத்திரண்டில் புழுவுக்கு வரும் சுறுசுறுப்பு இருக்கே. வெயில் கூடினால் மனுஷனுக்கு வேலை குறையும், புழுவுக்குக் கூடும். பனிக்காலத்தில் முட்டை பொரிக்க நாலஞ்சு நாள் எடுத்துக்கொள்ளும், இப்போ ரெண்டே நாள். முட்டையிலிருந்து அந்துப்பூச்சி ஆகிற வரைக்கும் மாசத்துக்கு மேல் ஆகிறது மூணு வாரத்தில் முடிந்துபோகுது. நாம் அடுத்த வெள்ளிக்குக் காத்திருப்போம், அவர்கள் வீட்டில் அடுத்த தலைமுறைக்குக் காது குத்தியாகிவிடும். புழுவின் முட்டையைத் தின்கிற குட்டிக் குளவியை ஆபீஸில் அட்டையில் ஒட்டிக் குடுத்தார்கள், கட்டினோம். அது ஒரே நாளில் வெயிலில் சுருண்டு செத்துப்போச்சு. கெட்டதுக்கு இருக்கிற உடம்பு நல்லதுக்கு இல்லை. இதெல்லாம் இப்போது படித்துத் தெரிந்துகொண்டது. படிப்பு எப்போதும் கருமாதிக்கு வருகிற சொந்தக்காரன் மாதிரி, காரியம் முடிந்த பிறகுதான் வரும்.

என்ன கேட்டீங்க? எப்போது தெரிந்தது என்றா?

சித்திரை இருபத்துமூணு. காலை ஆறு மணி. நான் அப்போதுதான் வேலையை ஒப்படைத்துக்கொண்டு இருந்தேன். அஞ்சுகம் நடந்தே வந்தாள், மூணு மைல். கையில் ஒரு பொறி, புனலோடு பையோடு அப்படியே அவிழ்த்துக் கொண்டுவந்திருந்தாள். பில் போடுகிற மேசையில் வைத்தாள்.

‘எண்ணுண்ணே’ என்றாள்.

முந்தின நாள் சாயங்காலம் கலியபெருமாளிடம் கேட்டு ஒரு புது மாத்திரை வாங்கிப் போயிருக்கிறாள். அந்தப் பயலும் பெட்டியைத் திறந்து குடுத்திருக்கிறான். எட்டில் அவள் கொல்லையில் கட்டியிருந்த மூணு பொறியில் ரெண்டை அப்படியே விட்டுவிட்டு ஒன்றில் மட்டும் புதுசைப் போட்டிருக்கிறாள். ரெண்டில் பூஜ்யம். இது ஒன்றில் பை கனக்குது.

எண்ணினேன். கலியபெருமாள் பக்கத்தில் நின்று அவனும் எண்ணினான். நாற்பத்துமூணு. ஒரே ராத்திரி.

வாடை போன மாத்திரைக்கு எந்தப் பூச்சி வரும்? வெயிலில் முதலில் செத்தது புழு இல்லைம்மா, என் மாத்திரை.

அவள் அழுதாளா, கத்தினாளா? ஒன்றும் இல்லை. ‘இன்னைக்கு வெள்ளிக்கெழம’ என்றாள். அவ்வளவுதான். வந்த வழியே திரும்பி நடந்தாள். அன்றைக்கே ஓடிப்போய் மருந்து அடித்தாள், மணல் போட்டாள், எல்லாம் செய்தாள். குருத்துக்குள் புழு விரல் தடிமன் ஆன பிறகு மணல் போட்டால் அது அதைப் பல்பொடியாக வைத்துக்கொள்ளும்.

நான் பலகைக்குப் போனேனா என்று கேட்கிறீங்க. போகவில்லை. தூக்கம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் என்றைக்கும் வராத தூக்கம் அன்றைக்கு வந்தது. சாயங்காலம்தான் எழுந்தேன். பலகையில் பழைய பூஜ்யம் அப்படியே இருந்தது. நான் புதுசாக ஒன்றும் எழுதவில்லை. எழுதாததைப் பொய் என்று சொல்ல முடியுமா?

இதற்கு அப்புறம்தான் எனக்கு அவள் மேல் வருத்தம். ஆமாம், எனக்குத்தான். கேளுங்க.

போன வாரம் வரதராசு மாமா கொல்லையைப் பார்க்க வந்தார். தருமலிங்கம் பயிரைப் பார்த்தார், இவள் பயிரைப் பார்த்தார். நேரே டீக்கடைக்கு வந்தார். அங்கே நான் இருக்கிறேன், இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அஞ்சுகமும் பின்னாலேயே வந்து ஓரமாக நின்றாள்.

‘ஒரே தண்ணி, ஒரே வெயிலு. வரப்புக்கு அந்தப் பக்கம் பயிரு, இந்தப் பக்கம் பாழு. என்னப்பா மருதமுத்து, பொறி என்ன சொல்லிச்சு?’ என்றார்.

நான் என்ன சொல்லணும்? இருப்பதைச் சொன்னேன். ‘பலகையில பூஜ்யம்னுதான் மாமா இருக்கு.’

ஒரு எழுத்துப் பொய் உண்டா அதில்? பலகை பின்னாடியே தொங்குது, வேணும்னா பார்த்துக்கொள்ளலாம்.

மாமா அவள் பக்கம் திரும்பினார். ‘அப்ப பூச்சி மேல பழியப் போடாத. ஒனக்குப் பார்வை பத்தல.’

அந்த நேரத்தில் அவள் வாயைத் திறந்திருக்கலாம். நாற்பத்துமூணு என்று ஒரு வார்த்தை. கலியபெருமாள் சாட்சி. சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் தலைகுனிவு, அவளுக்கு அஞ்சு வருஷக் கொல்லை. என்ன சொன்னாள் தெரியுமா?

‘அண்ணன் சொன்னது சரிதான் மாமா. நான்தான் சரியா பாக்கல.’

இப்படியா ஒருத்தி பேசுவாள்? ஏழெட்டுப் பேர் முன்னாடி வைத்து என்னை இப்படியா காப்பாற்றுவாள்? அன்றைக்கு வாங்கின டீ ஆடை கட்டிக் கிடந்தது, குடிக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் குடித்திருப்பேன். அதிலிருந்து நான் பேசினால் ‘ம்’ என்கிறாள். சோறு போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். மில்லுக்கு போன் போட்டுப் பழைய இடம் காலியா என்று கேட்டிருக்கிறாள். அதையும் கலியபெருமாள்தான் சொன்னான், அவளாகச் சொல்லவில்லை. கூடப் பிறந்தவனிடம் சொல்லாமல் இப்படிச் செய்யலாமா? எனக்கு வருத்தம் இருக்காதா?

தாளில் ‘பயிர் இழப்புக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கே. நேத்தே பார்த்துவிட்டேன். அதில் என்ன எழுதப் போறீங்க? ‘அதிக வெப்பம்’ என்றா? நல்லாத்தான் இருக்கும். வெயில் வந்து மறுக்கப் போவதில்லை. நானே முதலில் அப்படித்தான் எழுதச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ராத்திரி முழுக்க அதற்கு நாலு வாக்கியம் ஜோடித்து வைத்திருந்தேன். புத்தகத்தில் வருகிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரே வெயில்தானே ரெண்டு கொல்லைக்கும். மாமா விடமாட்டார், தருமலிங்கம் பயிரைக் காட்டுவார். வெயில் என்று எழுதினாலும் பழி அவள் தலையில்தான் வந்து உட்காரும்.

சரி, பேனா எடுங்க. சீக்கிரம்.

பொறி கட்டினது பங்குனி நாலு. மாத்திரை மாத்த வேண்டிய நாள் எது என்று நீங்களே கணக்குப் போட்டுக்குங்க, இந்த வெயிலுக்குப் பதினஞ்சு நாள் தாங்கினால் அதிகம். மாத்தின நாள் சித்திரை இருபத்திரண்டு. பூச்சி, ஒரே ராத்திரிக்கு நாற்பத்துமூணு. மாத்தினவர் பெயர் அஞ்சுகம். எழுதிட்டீங்களா? பயிர்ப் பார்வை இல்லாதவளுக்கு ஒன்றை மாத்தி ரெண்டை விட்டுப் பார்க்கத் தெரியுமா, அதையும் ஓரத்தில் எழுதுங்க.

மாத்தாதவர் பெயர் எழுதக் கட்டம் இல்லையா? இருக்காது. கட்டத்துக்குக் கீழே எழுதுங்க. மருதமுத்து. பூச்சிக் கண்காணிப்பாளர் என்றும் சேர்த்துக்குங்க, மாமாவுக்கு ஆள் யார் என்று சந்தேகம் வரக்கூடாது. கீழே நான் கையெழுத்தும் போடுகிறேன், தாங்க இப்படி.

என்ன, அவளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதலாம் என்கிறீங்களா? வேண்டாம்மா. அதோ வாய்க்கால் தாண்டி வந்துகொண்டிருக்கிறாள் பாருங்க, முக்காட்டைப் போட்டுக்கொண்டு. அவள் வந்து சேர்வதற்குள் மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்க. வந்தால் மறுபடி என்னைக் காப்பாத்திடுவாள்.